மனநல மருந்து எடுப்பவருக்கு எந்த எடைச் செயலி உதவும்? தராசு, கைப்பட்டை, கலோரிக் கணக்கு: ஒரு மதிப்பீடு

எடை குறைக்கும் செயலி எதையும் திறந்தால் முதலில் கேட்பவை நான்கைந்துதான்: உயரம், வயது, இப்போதைய எடை, வாரத்துக்கு எத்தனை கிலோ குறைய வேண்டும். இரவில் ஓலன்சபின் போடுகிறீர்களா, க்ளோசபின் தொடங்கி எத்தனை வாரம் ஆகிறது (இரண்டும் தீவிர மனநோய்க்கான மருந்துகள்) என்ற கேள்வி பெரும்பாலும் வராது. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கோ, மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் பைபோலார் கோளாறுக்கோ தொடர்ந்து மருந்து எடுப்பவரின் எடையில் பெரும்பங்கு அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதைக் கேட்காத செயலி, மருந்து ஏற்றிய எடைக்கும் ஆளின் மனவுறுதியையே குறை சொல்லும். இரண்டு வாரத்தில் அவர் அதை அழித்துவிடுவார். அழிப்பது நியாயமும்கூட.

மருந்தின் பங்கு எவ்வளவு என்பதற்கு 1999-இல் வெளியான ஆலிசன் குழுவின் தொகுப்பாய்வை இன்றும் காட்டுகிறார்கள். பத்து வாரத்தில் சராசரியாக ஏறிய எடை: க்ளோசபினுக்கு 4.45 கிலோ, ஓலன்சபினுக்கு 4.15, ரிஸ்பெரிடோனுக்கு 2.10, சிப்ராசிடோனுக்கு 0.04. மூளையில் வேதிச் செய்திகளை வாங்கும் ஹிஸ்டமின் எச்1, செரட்டோனின் 5எச்டி2சி ஏற்பிகளை இந்த மருந்துகள் அடைக்கும்போது வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்கு மங்கலாகத்தான் போகிறது. தூக்கக் கலக்கத்தால் நடமாட்டமும் குறைகிறது. மற்ற மனநல மருந்துகளான லித்தியம், வால்ப்ரோயேட், மிர்ட்டசபின் ஆகியவையும் எடையை ஏற்றக்கூடியவை. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இழப்பில் இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் பெரிய இடம் உண்டு. அதனால் இதைத் தோற்றப் பொலிவு சம்பந்தப்பட்ட விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீழே வரும் கருவிகளை அளக்க எடுத்துக்கொண்ட கேள்விகள் இவை. ஒரு நாளைக்கு எத்தனை முறை திரையைத் தொட வேண்டும்? பத்து நாள் தொடாமல் விட்டால் திரும்பி வரும்போது செயலி என்ன சொல்கிறது? இன்னொரு மனிதர் அந்த எண்ணைப் பார்க்க வழி உண்டா? மருந்தோடு மோதும் அறிவுரை எதையாவது தருகிறதா? விலையும் அழகும் இந்த நான்குக்கும் பிறகுதான்.

தராசும் போக்குக் கோடும்: முதலில் வாங்க வேண்டியது

புளூடூத் இல்லாத சாதாரண டிஜிட்டல் தராசே போதும். ஆனால் வாங்கும் முன் அதன் அடியில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையைப் பார்த்துவிடுங்கள். வீட்டுத் தராசுகள் பல 150 அல்லது 180 கிலோவோடு நின்றுவிடும். அதைத் தாண்டியவர் ஏறினால் திரையில் பிழைக் குறி மட்டும் வரும். அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் மறுபடி ஏற மாட்டார். 100 கிராம் துல்லியம் போதும், 50 கிராம் தேவையில்லை. காலால் தட்டி எழுப்ப வேண்டிய தராசைவிட ஏறியதும் தானே இயங்கும் தராசு நல்லது. ஒரு படி குறைகிறது அல்லவா.

தராசு கெட்டியான சமதளத் தரையில் இருக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் எண் பொய் சொல்லும், இடம் மாற்றினாலும் மாறும். காலையில் கழிவறைக்குப் போய்வந்து, எதுவும் குடிக்கும் முன், மெல்லிய உடையில் ஏறுவது நல்லது. இரவு மருந்தின் மயக்கத்தில் பகல் பதினொன்றுக்கு எழுபவருக்குக் காலை என்பது அந்தப் பதினொன்றுதான். ஏழு மணிக்கு அலாரம் வைத்து அவரை எழுப்ப வேண்டாம்.

அடுத்தது செயலி. ஆண்ட்ராய்டில் லிப்ரா, ஐஃபோனில் ஹேப்பி ஸ்கேல் ஆகிய இரண்டையும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். நாளுக்கு ஒரே ஓர் எண்ணை உள்ளிட்டால் போதும். அன்றாட ஏற்ற இறக்கத்தை வடிகட்டிப் போக்குக் கோடு ஒன்றை அவை வரைந்து தருகின்றன. இந்த முறையை எளிமையாகச் சொல்வதானால், நேற்றைய போக்கு எண்ணோடு, இன்றைய எடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுவது. போக்கு 82.0 என்று இருக்கும்போது இன்று தராசு 83.5 காட்டினால் போக்கு 82.15 ஆகும், அவ்வளவுதான். மலச்சிக்கல், உப்பு, நீர், மாதவிடாய் என்று எத்தனையோ காரணங்களால் உடல் எடை நாளுக்கு ஒன்று இரண்டு கிலோ ஆடும். க்ளோசபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் அன்றாடத் தொல்லை, ஆட்டமும் கூடுதலாகவே இருக்கும். தராசின் வடிகட்டாத எண்ணைப் பார்த்து மனம் உடைபவரை இந்தக் கோடு காப்பாற்றுகிறது. பத்து நாள் விட்டுவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து கோடு தொடரும். திட்டு எதுவும் வராது.

செட்டிங்ஸில் இலக்கு எடையை வைக்காமல் விடுங்கள். முதல் மூன்று மாதத்தில் எடை ஏறாமல் இருந்தாலே அது வெற்றி. இலக்குக் கோடு போட்டால் அந்த வெற்றி தோல்வி நிறத்தில் தெரியும். அதற்குப் பதில் ஒரே ஓர் எண்ணைக் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள்: மருந்து தொடங்கிய நாளின் எடையில் 5 சதவீதம் கூட்டிய எண். 68 கிலோவில் தொடங்கியவருக்கு அது 71.4. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் மற்றவர்களோடு சேர்ந்து 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அந்த 5 சதவீதத்தைத் தொட்டால் மருந்தை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்று இருக்கிறது. 4, 8, 12-ஆம் வாரங்களில் எடை பார்த்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவும் சொல்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது: முதல் ஆறு வாரம் வாராவாரம். இந்த ஆறு வாரம்தான் பொன்னான காலம். ஏறிய எடையை இறக்குவதைவிட ஏறும்போதே பிடிப்பது பலமடங்கு சுலபம் என்பதால் செயலியை மருந்துச் சீட்டு எழுதிய நாளிலேயே நிறுவுங்கள். பேன்ட் இறுகிய பிறகு நிறுவினால் பாதி வாய்ப்பு போயிருக்கும்.

புளூடூத் தராசு வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டில் ஓப்பன்ஸ்கேல் என்ற திறந்தமூலச் செயலி பல நிறுவனங்களின் தராசுகளோடு பேசும், கணக்கு தொடங்கச் சொல்லாது. புளூடூத் தராசுகளின் பெரிய கோளாறு குடும்பத்தில் ஒத்த எடையுள்ள இருவர் இருக்கும்போது வரும். தம்பியின் எடை அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாரம் ஒருமுறை பதிவைப் பார்த்துத் தவறானதை அழிக்க வேண்டும். கொழுப்புச் சதவீதம், தசைச் சதவீதம் என்று அது காட்டுவதைக் கண்டுகொள்ள வேண்டாம். பாதம் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தி உடலின் நீரை வைத்துப் போடும் மதிப்பீடு அது. குடித்த தண்ணீருக்கு ஏற்ப மாறும். பேஸ்மேக்கர் வைத்தவர் அந்த வகைத் தராசில் ஏறவே கூடாது.

தராசோடு ஓர் அளவு நாடாவும் வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு. எடை நின்றுபோனாலும் வயிற்றுக் கொழுப்பு ஏறுவதை அது காட்டிக்கொடுக்கும்.

கைப்பட்டை: அடிகளை நம்பலாம், கலோரியை நம்பாதீர்கள்

ஃபிட்பிட் போன்ற பட்டைகளைத் தீவிர மனநோய் உள்ளவர்கள் அணிந்துகொள்ள மாட்டார்கள் என்ற எண்ணம் தவறு. சிறிய ஆய்வுகளில் அவர்கள் மாதக்கணக்கில் விரும்பியே அணிந்திருக்கிறார்கள். அடி எண்ணுவதற்குத் தனியாக எதையும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். ஊக்கம் வற்றிப்போவதே நோயின் ஒரு குணமாக இருக்கும்போது, தானாக நடக்கும் பதிவு ஒரு வரம்.

ஆனால் எரித்த கலோரி என்று அது காட்டும் எண் குப்பை. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஏழு பட்டைகளைச் சோதித்தது. இதயத் துடிப்பை ஆறு பட்டைகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியில் மிக நல்ல பட்டைக்கே 27 சதவீதப் பிழை, மோசமானதற்கு 93. இந்த எண்ணை உணவுச் செயலியோடு இணைத்தால், நடந்ததற்குப் பரிசாக இன்னும் இவ்வளவு சாப்பிடலாம் என்று அது கணக்கைக் கூட்டிவிடும். அந்த இணைப்பை முதல் நாளே துண்டித்துவிடுங்கள்.

இதயத் துடிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. க்ளோசபின் எடுப்பவர்களில் பலருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 100-ஐத் தாண்டும். பட்டை அதைக் கொழுப்பு எரியும் நிலை என்று நினைத்து, சோபாவில் இருந்த நேரத்தை உடற்பயிற்சி நிமிடமாகச் சேர்த்துவிடும். அதே துடிப்புக்காகவோ நடுக்கத்துக்காகவோ ப்ரோப்ரனோலால் எடுப்பவருக்கு இதன் எதிர்ப்பக்கம்: வேகமாக நடந்தாலும் துடிப்பு ஏறாது, பட்டை எதையும் கணக்கில் எடுக்காது. இரண்டு பேருக்கும் துடிப்பு மண்டலங்களை மறந்துவிட்டு அடிகளை மட்டும் பார்ப்பதே சரி.

அடியிலும் ஒரு பொறி இருக்கிறது, இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அகதீசியா என்ற பக்கவிளைவில் ஆளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கால்கள் பரபரக்கும், அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பார். எடை ஏற்றம் குறைவு என்பதற்காக அரிப்பிப்ரசோலுக்கு மாற்றப்பட்டவர்களுக்கும் இது வரலாம். அவர் வேதனையில் நடக்க, பட்டை பதக்கமும் வாணவேடிக்கையும் காட்டும். மருந்து மாற்றிய வாரத்தில் அடிக்கணக்கு திடீரென்று இரட்டிப்பானால் பாராட்டும் முன், உட்கார முடிகிறதா என்று கேளுங்கள். பைபோலார் உள்ளவருக்கு அடி திடீரென ஏறி, தூக்க நேரமும் சரிந்தால் அது மேனியா என்ற அளவுமீறிய உற்சாக நிலை தொடங்கும் அறிகுறியாக இருக்கலாம். தொடர் நாள் எண்ணிக்கை, நண்பர்களோடு போட்டி போன்றவற்றை அவருக்கு அணைத்து வைப்பது நல்லது.

பத்தாயிரம் அடி இலக்கை மாற்றுங்கள். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த மான்போ-கே என்ற நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. பத்தாயிரம் அடி அளவி என்பதே அந்தப் பெயரின் பொருள். முதல் வாரம் இலக்கு எதுவும் இல்லாமல் அணியட்டும். ஏழு நாள் சராசரி 2,300 என்றால் இலக்கு 2,800. இரண்டு வாரம் அது நிலைத்தால் இன்னொரு 500. நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்திருக்கச் சொல்லும் மணிக்கொரு நினைவூட்டலையும் அணைத்துவிடலாம். எழும்போது இரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றும் மருந்துகள் இவற்றில் பல.

பட்டையைக் கைவிடுவதற்குப் பொதுவான காரணம் மனநோய் அல்ல, சார்ஜர். இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் கேட்கும் கைக்கடிகாரம் கழற்றி வைத்த இடத்திலேயே கிடக்கும். ஒரு வாரம் தாங்கும் எளிய பட்டை, அல்லது பொத்தான் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் இடுப்பு நடைமானி வாங்குங்கள்.

கலோரிக் கணக்குச் செயலிகள்: எல்லோருக்கும் அல்ல

மைஃபிட்னஸ்பால் இந்த வகையில் பிரபலமானது. அதன் பலமே பலவீனமும். உணவுப் பட்டியலில் பெரும்பகுதி பயனர்கள் தாங்களே சேர்த்தது. ஒரே உணவுக்கு ஐந்து பதிவு, ஐந்திலும் வேறு வேறு எண். வீட்டில் சமைத்ததைப் பதிய வேண்டுமென்றால் தேட வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும், அளவு அலகை மாற்ற வேண்டும், எத்தனை பங்கு என்று சொல்ல வேண்டும், எந்த வேளை என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி. பார்கோடு ஸ்கேன் ஒன்றுதான் எளிய வழியாக இருந்தது. 2022 முதல் அது கட்டணப் பிரிவுக்குள் போய்விட்டது. ஸ்கிசோஃப்ரினியாவில் தற்காலிக நினைவும் வரிசையாகச் செய்யும் திறனும் தளர்ந்திருக்கும். மூன்றாவது படியில் எதற்காகத் திறந்தோம் என்பது மறந்துபோகும். பட்டியலின் தரம் முக்கியம் என்பவர்கள் க்ரோனோமீட்டரைப் பார்க்கலாம். எண்கள் நம்பகமானவை, ஆனால் படிகள் குறையவில்லை.

அதைவிடக் கவலை தருவது மீதிக் கலோரி எண் சிவப்பாவது. ஓலன்சபின், க்ளோசபின் எடுப்பவர்களில் சிலருக்குக் கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் வேளைகள் வருகின்றன. அதன் பிறகு சிவப்பு எண்ணைப் பார்ப்பவர் அடுத்த நாள் பட்டினி கிடந்து, இரவில் மறுபடி அள்ளுவார். உணவுக் கோளாறு முன்பு இருந்தவருக்குக் கலோரிச் செயலியே வேண்டாம் என்பதில் உறுதியாக இருங்கள்.

நூம் வேறு மாதிரி. உணவை நிறங்களாகப் பிரித்து, தினம் சிறு பாடங்களைப் படிக்கச் சொல்லி, பழக்கங்களின் பின்னுள்ள எண்ணங்களைப் பேசுகிறது. அணுகுமுறை மதிக்கத்தக்கது. ஆனால் தினம் படிக்க வேண்டியது நிறைய. கவனம் நிற்காத நாட்களில் படிக்காத பாடங்கள் குவிந்து, குவியலே செயலியைத் திறக்க விடாமல் தடுக்கும்.

உணவைப் பதியத்தான் வேண்டும் என்றால் இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று, மாதத்தில் மூன்று நாள் மட்டும் தட்டைப் படம் எடுப்பது. எண் வேண்டாம், ஃபோனின் கேமரா போதும். படத்திலேயே நேரம் பதிந்திருக்கும். இரவு மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குப் பின் வரும் பசிதான் எடையின் பெரும்பகுதி என்பது பலருக்கு இந்தப் படங்களில்தான் முதன்முதலாகத் தெரியவரும். அதைத் தெரிந்துகொண்டால், மாத்திரை போடும் நேரத்தைப் படுக்கைக்கு நெருக்கமாக நகர்த்த முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். இரண்டாவது, இனிப்புப் பானத்தை மட்டும் எண்ணுவது. வாய் வறட்சி தரும் மருந்துகளும், தாகம் தூண்டும் லித்தியமும் சேர்ந்தால் ஒருவர் நாளுக்கு இரண்டு லிட்டர் இனிப்புப் பானம் குடிப்பது சாதாரணமாக நடக்கும். குடித்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கோடு. ஃபோனில் எண்ணும் செயலி இருந்தாலும் சரி, சுவரில் தாள் ஒட்டினாலும் சரி. இதைச் சர்க்கரையில்லாத பானமாக மாற்றுவது தட்டில் செய்யும் எந்த மாற்றத்தையும்விட எளிது.

உண்ணாநிலை நேரங்காட்டி: வேண்டாம்

பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்லும் செயலிகள் மருந்தோடு நேரடியாக மோதுகின்றன. லூராசிடோன் என்ற மனநல மருந்தைக் குறைந்தது 350 கலோரி உணவோடும், சிப்ராசிடோனை ஏறத்தாழ 500 கலோரி உணவோடும் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்தின் பாதிதான் இரத்தத்தில் சேரும். எடையைக் குறைப்பதற்காகவே இந்த மருந்துகளுக்கு மாற்றப்பட்டவர், அதே நோக்கத்தோடு பட்டினிச் செயலியையும் நிறுவினால், சில வாரத்தில் நோயின் அறிகுறியாகக் காதில் கேட்கும் குரல்கள் திரும்பக்கூடும். அப்போது மருந்து வேலை செய்யவில்லை என்று பழி மருந்தின் மேல் விழும்.

லித்தியம் எடுப்பவருக்கு இன்னொரு எச்சரிக்கை. உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, வியர்த்து நீர் வற்றினாலோ சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு நச்சு நிலைக்குப் போகும். மாவுச்சத்தை அறவே ஒதுக்கும் கீட்டோ திட்டங்களின் முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீரும் உப்பும்தான். மனநோய்க்குக் கீட்டோ உணவு உதவுமா என்ற ஆராய்ச்சி மருத்துவக் கண்காணிப்போடு நடக்கிறது. செயலியை மட்டும் நம்பி வீட்டில் அதைச் செய்துபார்ப்பது வேறு விஷயம்.

வாழ்க்கைமுறைச் செயலிகள் பல, புகையை விடும் திட்டத்தையும் சேர்த்தே தருகின்றன. நல்லதுதான், ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் புகையை நிறுத்த வேண்டாம். புகையில் உள்ள பொருட்கள் க்ளோசபினையும் ஓலன்சபினையும் சிதைக்கும் கல்லீரல் நொதியை வேகப்படுத்துகின்றன. சிகரெட்டை நிறுத்தினால் அதே மாத்திரையில் இரத்த அளவு ஏறும். நிறுத்தும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டிச் சொன்னால் அவர் அளவைச் சரிசெய்வார்.

ஆன்லைன் கேள்வித்தாளை நிரப்பி எடை குறைக்கும் ஊசியை வாங்கும் சேவைகளுக்கும் இதையே சொல்ல வேண்டும். ஊசி பயனற்றது என்று யாரும் சொல்லவில்லை. க்ளோசபின் அல்லது ஓலன்சபின் எடுத்த 103 பேரிடம் லிராக்ளூடைட் என்ற அவ்வகை ஊசியைச் சோதித்து 2017-இல் வெளியான டேனிஷ் ஆய்வில், 16 வாரத்தில் போலி மருந்து எடுத்தவர்களைவிட 5.3 கிலோ அதிகம் குறைந்தது. ஆனால் இவ்வகை ஊசி குடலை மந்தமாக்கும். க்ளோசபின் தரும் மலச்சிக்கல் தனியாகவே உயிரைப் பறிக்கக்கூடியது. லித்தியம் எடுப்பவருக்கு வாந்தியும் நீர் வற்றலும் வந்தால் என்ன ஆகும் என்பது மேலே இருக்கிறது. மனநல மருத்துவருக்குத் தெரியாமல் படிவத்தை நிரப்பாதீர்கள். படிவத்தில் மருந்தின் பெயரை மறைக்கவும் வேண்டாம்.

இவர்களுக்கென்றே உருவானவை என்ன கற்றுத்தருகின்றன

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறையில் வெப்மூவ் என்ற இணையத் திட்டத்தைத் தீவிர மனநோய் உள்ள 276 பேரிடம் சோதித்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. உடல் பருமன் உள்ளவர்களில், இணையப் பாடத்தோடு சக நோயாளி ஒருவரின் வழிகாட்டுதலும் கிடைத்த குழுவினர் ஆறு மாதத்தில் சராசரியாக 2.8 கிலோ குறைந்தார்கள். நேரில் வகுப்பெடுத்த குழுவிலும் வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. தானும் இதே மாத்திரை போடுபவர், தானும் இதே பசியோடு மல்லுக்கட்டியவர் விசாரிக்கும்போது பதில் உண்மையாக வருகிறது.

2013-இல் வெளியான அச்சீவ் ஆய்வில் கருவி எதுவும் பெரிதாக இல்லை. 291 பேர், 18 மாதம், அடிக்கடி கூடும் குழு, தனிச்சந்திப்பு, சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி. மற்ற குழுவைவிட 3.2 கிலோ கூடுதலாகக் குறைந்தது. அதே சமயம் பிரிட்டனில் 414 பேரிடம் நடந்த ஸ்டெப்வைஸ் ஆய்வில் நான்கு வார வகுப்பு, பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டும் வகுப்பு, இடையில் இரு வாரத்துக்கொரு விசாரிப்பு என்று இருந்தது. ஓராண்டு முடிவில் எடையில் வித்தியாசமே இல்லை. எவ்வளவு அடர்த்தியாக, எத்தனை காலம் தொடர்கிறது என்பது வித்தியாசம் செய்கிறது என்பதே எங்கள் கணிப்பு. பாடத்தின் தரம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஆகவே எந்தச் செயலியை எடுத்தாலும் அதில் வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் இரண்டாவது ஆளைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வாரக் கோட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதே போதும்.

அந்த இரண்டாவது ஆள் எப்படி விசாரிக்கிறார் என்பதில் நிறைய இருக்கிறது. "என்ன, எடை கூடிடுச்சா?" என்று தொடங்கினால் அடுத்த வாரம் ஸ்கிரீன்ஷாட் வராது. "இந்த வாரம் எத்தனை நாள் ஏறிப் பார்த்தீங்க?" என்பது பதில் சொல்லக்கூடிய கேள்வி. எண் மோசமானாலும் ஏறிப் பார்த்தது அவர் கையில் இருந்த செயல்.

எடை குறையும்போது கைதட்டும் முன்

எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான, மிக ஆபத்தான குறை இது. எடை குறைந்தால் அவற்றுக்கு மகிழ்ச்சி மட்டும்தான் தெரியும். முயற்சி எதுவும் இல்லாமல் வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் சரிந்தால் நான்கு காரணங்களைத் தேடுங்கள். அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்திருந்தால் இரத்தச் சர்க்கரை எகிறியிருக்கலாம், அன்றே பரிசோதிக்க வேண்டும். லித்தியம் எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்ற சந்தேகத்தில் உண்பதை நிறுத்தியிருக்கலாம். அல்லது மாத்திரையையே நிறுத்தியிருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம்தான் அதிகம் கண்ணுக்குத் தப்புகிறது, ஏனென்றால் வீட்டில் எல்லோரும் மெலிந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

தனியுரிமையும் நோட்டிஃபிகேஷனும்

2018-இல் மைஃபிட்னஸ்பாலில் ஏறத்தாழ 15 கோடிப் பயனர்களின் கணக்கு விவரம் கசிந்தது. ஆகவே செயலிக்கென்று தனி மின்னஞ்சலும் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லும் வையுங்கள். நோயின் பெயரையோ மருந்தின் பெயரையோ குறிப்புப் பெட்டியில் எழுத வேண்டாம், "மா1" என்று சுருக்கினால் போதும். இருப்பிட அனுமதியை மறுத்துவிடுங்கள், அடி எண்ண அது தேவையில்லை. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று அஞ்சுபவரின் ஃபோனில், நீங்கள் இன்று நடக்கவில்லை என்று தானாக மிளிரும் செய்தி எவ்வளவு பயத்தைக் கிளப்பும் என்று யோசியுங்கள். நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அவரே தேர்ந்தெடுத்த நேரத்தில், அவரே எழுதிய வாசகத்தில் ஃபோன் அலாரம் ஒன்று மட்டும் இருக்கட்டும். பட்டை என்ன பதிகிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்பதை முதல் நாளே அவர் முன்னால் திறந்து காட்டுங்கள். பிறகு ரகசியமாகப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு முறை அப்படிப் பார்த்துப் பிடிபட்டாலும் பட்டை திரும்பக் கையில் ஏறாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் செயலி முழுவதையும் காட்ட அவருக்கு நேரம் இருக்காது. பன்னிரண்டு வாரப் போக்குக் கோட்டை ஒரே படமாக எடுத்து, மருந்து தொடங்கிய நாள், அளவு மாறிய நாள், சிகரெட் நிறுத்திய நாள் ஆகியவற்றை அதன் மேல் குறித்து, 5 சதவீத எண்ணில் ஒரு படுக்கைக் கோடு இழுத்துக் கொண்டுபோங்கள். கோடு எந்தத் தேதிக்குப் பிறகு நிமிர்ந்தது என்று ஒரு பார்வையில் தெரிந்தால், மருந்தை மாற்றுவதா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தைச் சேர்ப்பதா, சர்க்கரையும் கொழுப்பும் இன்றே பார்ப்பதா என்ற பேச்சை அந்த அறையிலேயே தொடங்க முடியும்.